சம்பளத்துக்கு மறுநாள் கொள்ளு ரசம்



விதை, உரம், பூச்சி மருந்து என்று பேசுகிற இந்த நேரத்தில் இன்றைக்குச் சாப்பாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஆறு நாள் கண் விழித்து வேலை செய்து, கிடைத்த நேரத்தில் கிடைத்ததைத் தின்று, வயிறு கெட்டு வீட்டுக்கு வருகிற பனியன் கம்பெனித் தொழிலாளி ஞாயிற்றுக்கிழமை என்ன சாப்பிடுகிறான் என்பதுதான் விஷயம். "இதுல சரித்திரம் என்னங்க இருக்குது?" என்று கேட்பீர்கள். இருக்குதுங்க. அந்த ஒரு வேளைச் சாப்பாட்டில் நம்ம காட்டின் நூறு வருஷத்துக் கதை இருக்கிறது.

முதலில் பழைய காலத்தைப் பார்ப்போம். திருப்பூர், அவிநாசி, பல்லடம், காங்கயம், தாராபுரம் வட்டாரமெல்லாம் மழை குறைந்த பூமி. வருஷத்துக்கு 600, 700 மில்லிமீட்டர் பெய்தால் பெரிய மழை. கிணறு இருந்தவர்கள் கவலை ஏற்றம் கட்டி இறைத்தார்கள். மற்றவர்கள் வானத்தைப் பார்த்தார்கள். அதனால் காட்டில் கம்பு, சோளம், ராகி, கொள்ளு, தட்டைப்பயிறு. நெல்லுச் சோறு என்பது நோம்பி நாளைக்கும், விருந்தாளி வந்தாலும்தான். எங்கள் அம்மிச்சி வீட்டில் கம்பைத் தண்ணீர் தெளித்து உரலில் குத்துவார்கள். உமி போகப் புடைத்து, மறுபடி குத்தி, சோறாக்கி, உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டு வைப்பார்கள். விடிகாலையில் அதைக் கரைத்து மோர் ஊற்றி, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு குடித்துவிட்டுத்தான் ஏர் பூட்டப் போவது.

நோம்பி வந்தால் நிலைமை தலைகீழ். மாரியம்மன் நோம்பிக்கு ஒப்புட்டு, சந்தகை, கெடா வெட்டு, நெல்லுச் சோறு என்று மூன்று நாள் வயிறு ஓயாது. நாலாம் நாள் காலையில் ஆண்கள் திண்ணையில் சாய்ந்து கிடப்பார்கள். "வயிறு ஒரு மாதிரியா இருக்குது ஆத்தா" என்றால் ஆத்தா அதிகம் பேசமாட்டாள். அன்றைக்கு வீட்டில் கொள்ளு ரசமும் கம்பங்கூழும்தான். வைத்தியரைக் கூப்பிட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று பெரியவர்களும் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

காளைக்கு வேகவைக்கிற கொள்ளுதான் அது. கொள்ளு காளைக்கு, வடித்த தண்ணீர் வீட்டு ரசத்துக்கு. அதைச் சொன்னால் இப்போது சிலர் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் கொள்ளில் புரதச்சத்து நூற்றுக்கு இருபதுக்கு மேல் இருக்கிறது என்று இன்றைக்குச் சோதனைச்சாலையில் அளந்து சொல்கிறார்கள். காளை மட்டும் உரமாக இருந்தால் போதாது, ஏர் பிடிக்கிறவனும் உரமாக இருக்க வேண்டுமல்லவா?

இனி பஞ்சுக்கு வருவோம். 1860-களில் ரயில் பாதை வந்தது. இருபதாம் நூற்றாண்டு தொடங்கியதும் கம்போடியாப் பருத்தி வந்தது. கிணற்றுப் பாசனத்தில் நன்றாக வந்ததால் நம்ம ஆட்கள் பருத்தி போட்டார்கள், திருப்பூர் பஞ்சுச் சந்தையாயிற்று, அரவை மில்கள் வந்தன. 1920-களின் நடுவில் பனியன் பின்னுகிற வேலை தொடங்கியது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு மில்லும் ஓடியது, கிணற்றில் மோட்டாரும் ஓடியது. பிற்பாடு பனியன் கம்பெனி வைத்தவர்களில் பலர் காட்டை விட்டு வந்த விவசாயிகள்தான். மாட்டை விற்று மெஷின் வாங்கினவர்களும் உண்டு. 1978-ல் இத்தாலியிலிருந்து வெரோனா என்ற வியாபாரி வெள்ளை டீ-ஷர்ட் வாங்க வந்தார். அதற்கப்புறம் உள்நாட்டுக்குப் பனியன், ஜட்டி தைத்துக்கொண்டிருந்த ஊர் உலகத்துக்கே துணி தைக்கிற ஊராகிவிட்டது. இன்றைக்கு ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி.

இதே காலத்தில் நம்ம தட்டிலும் மாற்றம் வந்தது. 1950-களில் கீழ்பவானி வாய்க்கால் வந்தது, 1960-களில் பரம்பிக்குளம் ஆழியாறு தண்ணீர் வந்தது. பக்கத்திலேயே நெல் விளைந்தது. 1967 தேர்தலில் ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்ற பேச்சு வந்தது. 2008-ல் ரேஷனில் கிலோ ஒரு ரூபாய், 2011-ல் அதுவும் இலவசம். நோம்பிச் சோறு தினச் சோறாயிற்று. இதை நான் குறை சொல்லவில்லை. அரிசிக்கு ஏங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பசி தெரிந்தவன் ரேஷன் அரிசியைப் பழிக்க மாட்டான். ஆனால் கம்பும் சோளமும் ஏழைச் சாப்பாடு என்ற பெயரோடு அடுப்படியை விட்டுப் போனது. உரல் வாசலுக்கு வந்தது, பிறகு அதுவும் காணோம். கோதுமையின் கதை வேறு. 1950-களிலும் 60-களிலும் அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக இந்தியாவுக்கு வந்தது. மைதா மாவு கடைத்தெருவுக்குப் பழகியது. பரோட்டாக் கடை இல்லாத பனியன் கம்பெனி வீதி இன்றைக்கு உண்டா?

இனி ஒரு வார வேலையைப் பார்ப்போம். கப்பலுக்குச் சரக்கு போகிற தேதி நெருங்கிவிட்டால் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்கு பவர் டேபிள் முன்னால் உட்கார்ந்தால் இரவு எட்டு, ஒன்பது. சில நாள் விடிய விடிய. அவசரத்தில் காலையில் கடை இட்லி. பதினோரு மணிக்கு டீயும் பன்னும். சாயங்காலம் டீயோடு போண்டா, பஜ்ஜி. ராத்திரி வேலைக்குக் கொடுக்கிற பேட்டாக் காசில் பரோட்டாவும் சால்னாவும். தூக்கம் வராமலிருக்க இன்னும் இரண்டு டீ. சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம். கையில் காசு, ஆறு நாள் அலுப்பு. பிரியாணிக் கடையிலும் கூட்டம், டாஸ்மாக் கடையிலும் கூட்டம். ஆசைப்பட்டுத் தின்றது பாதி, வேலை தின்ன வைத்தது பாதி என்று நான் சொல்லுவேன்.

நம்ம பிள்ளைகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நெசவுத் தொழில் பெருகின இங்கிலாந்தில் முந்நூறு வருஷத்துக்கு முன்பே இதே கதைதான். அங்கே நெசவாளர்களும் கைத்தொழிலாளர்களும் சனிக்கிழமை கூலி வாங்கி, ஞாயிறு குடித்துக் கிடந்து, திங்கட்கிழமை வேலைக்கு வராமல் இருந்துவிடுவார்களாம். அதற்குப் 'புனிதத் திங்கள்' என்று கேலியாகப் பெயரே வைத்தார்கள். முதலாளிகளுக்குப் பெரிய தலைவலி. கடைசியில் 1850-ல் ஒரு சட்டம் வந்தது: மில்லில் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு வேலை முடிய வேண்டும். உடம்பைத் தேற்றிக்கொள்ள நேரம் கொடுத்தால்தான் திங்கட்கிழமை ஆள் வருவான் என்று தெரிந்துபோயிற்று. பம்பாய் மில்களில் நாராயண் மேகாஜி லோகண்டே என்பவர் பல வருஷம் போராடி 1890-ல் ஞாயிறு விடுமுறை வாங்கிக் கொடுத்தார். சுதந்திரத்துக்குப் பிறகு 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு கட்டாயம் என்றது. அதனால் ஞாயிற்றுக்கிழமை என்பது யாரோ தர்மமாகக் கொடுத்தது என்று நினைக்க வேண்டாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் திருப்பூர் லைன் வீடுகளில் என்ன நடக்கிறது? பத்து மணிக்கு எழுந்து வருகிறவனுக்கு முதலில் ஒரு சொம்பு நீச்சுத் தண்ணி. முதல் நாள் சோற்றில் ஊற்றி வைத்த தண்ணீர், கொஞ்சம் மோர், உப்பு, சின்ன வெங்காயம். ராத்திரி முழுக்க அது இலேசாகப் புளித்திருக்கும். தயிர் உறைய வைக்கிற வகைக் கிருமிகள்தான் சோற்றையும் புளிக்க வைக்கின்றன. மதியத்துக்குக் கொள்ளு. கொள்ளை இலேசாக வறுத்துக் கழுவி ஊறவைத்து வேகவைக்க வேண்டும். வடித்த தண்ணீரில் புளி, பூண்டு, சீரகம், மிளகு தட்டிப் போட்டால் ரசம். வெந்த கொள்ளைச் சின்ன வெங்காயம், வரமிளகாய், மல்லி, கறிவேப்பிலை வதக்கிப் போட்டு ஒன்றிரண்டாக அரைத்தால் கொள்ளுப் பருப்பு. சூடான சோற்றில் அதைப் போட்டு நல்லெண்ணெய் ஊற்றிப் பிசைந்து சாப்பிட வேண்டும். அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. கொள்ளு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அரிசியும் பருப்பும் சோறு. சளி, காய்ச்சல் அலுப்பு இருந்தால் செலவு ரசம். மிளகு, சீரகம், மல்லி போன்ற மளிகைச் சாமானை நம்ம பக்கம் செலவுச் சாமான் என்று சொல்லுவோமே, அதை வறுத்துப் பொடித்து வைக்கிற ரசம். பிள்ளை பெற்றவளுக்கு வைத்துக் கொடுத்த ரசம் இன்றைக்கு ஓவர்லாக் மெஷின்காரனுக்கு வைத்துக் கொடுக்கிற ரசமாகியிருக்கிறது.

இதை மருந்து என்று சொல்லி ஏமாற்ற நான் வரவில்லை. சர்க்கரை, இரத்தக் கொதிப்பு இருப்பவர்கள் டாக்டரைப் பார்க்கத்தான் வேண்டும். கண் விழித்த உடம்புக்குத் தூக்கம்தான் முதல் வைத்தியம். ஆனால் எண்ணெயும் மைதாவும் டீயுமாகப் போன ஆறு நாளுக்குப் பிறகு நார்ச்சத்தும் பருப்பும் மோரும் உள்ளே போனால் வயிறு ஒத்துக்கொள்கிறது. இரும்புச்சத்துக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். கம்பில் 100 கிராமுக்கு 6 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, தீட்டின வெள்ளை அரிசியில் ஒரு மில்லிகிராம்கூட இல்லை. கம்பெனிக்குப் போகிற பெண்பிள்ளைகளுக்கு இரத்தச் சோகை அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பெண்பிள்ளைகள் என்றதும் ஒரு விஷயம் சொல்லாமல் போகக்கூடாது. முன்னே கொள்ளு ரசம் வைத்த ஆத்தா வீட்டில் இருந்தாள். இன்றைக்கு வைக்கிறவளும் கம்பெனிக்குப் போய் வந்தவள்தான். கை மடிக்கிற வேலையோ, செக்கிங்கோ, அவளும் ஒன்றரை ஷிப்ட் நின்றிருக்கிறாள், அவளும் அதே போண்டாதான் தின்றிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஏழாவது வேலை நாள். துணி மூட்டை, தண்ணீர்க் குடம், அப்புறம் அடுப்படி. போன வருஷம் என் மருமகள் கொள்ளை ஊறப் போட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தவள் அப்படியே தூங்கிவிட்டாள். என் மகன், "ரசம் ஆச்சா கண்ணு?" என்று கேட்டபடி வந்தான். எனக்கு என்னமோ போலிருந்தது. "நீ போய் அடுப்பைப் பத்த வைடா" என்றேன். வைத்தான். உப்பு கொஞ்சம் கூடிப்போயிற்று, அவ்வளவுதான். அதிலிருந்து வாரம் விட்டு வாரம் அவன்தான் ரசம் வைக்கிறான். இப்போது உப்பும் சரியாக இருக்கிறது. நாம் ஆண்பிள்ளைகளுக்குக் கவலை ஓட்டச் சொல்லிக் கொடுத்தோம், அடுப்பு மூட்டச் சொல்லிக் கொடுக்கவில்லை. அது நம்ம தப்பு.

வீட்டுச் சமையலே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். மதுரை, தேனிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் முன்பே உண்டு. இந்த இருபது வருஷமாக ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகள். ஒரு அறையில் ஆறு பேர், எட்டுப் பேர். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஒடிசாக்காரர்கள் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாள் சாப்பிடுகிறார்கள். பகாளா என்று பெயர். நம்ம பழைய சோறேதான். பீகார்ப் பிள்ளைகள் வறுத்த கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து, வெங்காயம், உப்பு, எலுமிச்சை போட்டுக் குடிக்கிறார்கள். பாஷைதான் வேறு, வயிறு கேட்கிறது ஒன்றுதான். அந்தப் பக்கத்து விவசாயி வீட்டுப் பிள்ளைகள் அவர்கள் என்பதை நாம் மறந்துவிடக்கூடாது.

கடைசியாக நம்ம காட்டுக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டிய கொள்ளை இன்றைக்கு எங்கே வாங்குகிறோம்? மளிகைக் கடையில். இந்தியாவில் கொள்ளு அதிகம் விளைகிறது கர்நாடகத்தில், கம்பு அதிகம் விளைகிறது ராஜஸ்தானத்தில். நாம் ஆயிரம் அடி போர் போட்டும் தண்ணீர் வராத காட்டைச் சும்மா போட்டு வைத்திருக்கிறோம், சிலர் சைட் பிரித்து விற்றுவிட்டார்கள். நொய்யல் ஓரத்துக் காடுகளைச் சாயத் தண்ணீர் கெடுத்ததும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் உங்களுக்குத் தெரியும். அதை இன்னொரு நாள் பேசுவோம்.

தண்ணீர் இல்லாத காட்டுக்குக் கொள்ளைப்போல் இரக்கமான பயிர் கிடையாது. புரட்டாசியிலிருந்து கார்த்திகைக்குள், வடகிழக்குப் பருவ மழையின் ஈரத்தை வைத்து விதைக்கலாம். ஏக்கருக்கு எட்டுக் கிலோ விதை போதும். பையூர் 1, பையூர் 2 ரகங்கள் வேளாண்மைத் துறையில் விசாரித்தால் கிடைக்கும். மூன்றரை மாதத்தில் அறுவடை. வேரில் தழைச்சத்தை நிலத்துக்குச் சேர்த்துவிட்டுப் போகும், கொடியும் பொட்டும் மாட்டுக்கு ஆகும். விற்று இலாபம் பார்க்கிற அளவுக்குப் போட வேண்டும் என்று சொல்லவில்லை. அரை ஏக்கர் போட்டால் ஒரு குடும்பத்தின் ஞாயிற்றுக்கிழமைகளுக்கும், திருப்பூரில் இருக்கிற மகள் வீட்டுக்கும், பக்கத்து லைன் வீட்டு ஒடிசாப் பிள்ளைகளுக்கும் கொடுத்த பிறகும் மிச்சம் இருக்கும். காய்ந்த கொள்ளை வண்டு பிடிக்காமல் வைக்க நன்றாக வெயிலில் காயவைத்து, செம்மண் கரைசல் பூசி மறுபடி உலர்த்தி வைப்பது பழைய முறை. அதைத் தெரிந்தவர்கள் இன்னும் ஊருக்கு ஒருவராவது இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.