ஓர் ஆட்டக்காரரின் ஓராண்டுக் கணக்கு

ஆட்டம் முடிந்தால் கூட்டம் கலைந்துவிடும், ஆரவாரம் அடங்கிவிடும், எஞ்சி நிற்பது கணக்கேடு ஒன்றே. பண்டை மன்னர்தம் செயல்களைக் கல்வெட்டுகளால் அறிகின்றோம். கல்வெட்டை ஆராய்வோர் அதில் பொறித்திருப்பதை மட்டுமன்றி, பொறிக்காமல் விட்டதையும் எண்ணிப் பார்ப்பர். விளையாட்டு வீரரின் கணக்கையும் அவ்வாறே படித்தல் வேண்டும். அதற்கு எடுத்துக்காட்டாக, அமெரிக்க நாட்டில் ஜாக்கி ராபின்சன் என்னும் பேஸ்பால் ஆட்டக்காரர் 1947ஆம் ஆண்டில் ஈட்டிய கணக்கை இன்று காண்போம்.

அமெரிக்காவின் பெரிய பேஸ்பால் சங்கங்களில் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கறுப்பின மக்களுக்கு இடம் இல்லாதிருந்தது. அதனைத் தடுக்கும் சட்டம் ஏட்டில் எழுதப்படவில்லை. எழுதாத கட்டுப்பாடே சட்டத்தினும் வலியதாய் நின்றது. புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி அதனை உடைக்கத் துணிந்தார். அவர் 1945ஆம் ஆண்டு ராபின்சனை அழைத்துப் பேசியபோது, இழிசொல் கேட்டாலும் எதிர்த்துப் பேசாமலும் கை ஓங்காமலும் பொறுத்திருக்க வேண்டும் என்னும் உறுதிமொழியைப் பெற்றார். 1947 ஏப்ரல் 15ஆம் நாள், எபட்ஸ் திடலில், தமது இருபத்தெட்டாம் வயதில் ராபின்சன் களம் இறங்கினார். அன்று அவர் மட்டை வலியால் ஒரு முறையேனும் தளம் சேரவில்லை. ஆயினும் எதிரணியாரின் பிழையால் தளமேறி ஓர் ஓட்டம் எடுத்தார். அணியும் 5க்கு 3 என்ற கணக்கில் வென்றது.

பருவம் முடிந்தபோது அவர் கணக்கு என்ன? 154 ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் அவர் ஆடியவை 151. மட்டை பிடித்து நின்ற முறைகள் 701. அவற்றுள் 590 முறை பந்தை அடித்தாட முயன்று, 175 முறை தம் அடியின் வலியாலேயே தளம் சேர்ந்தார். 175ஐ 590ஆல் வகுத்தால் 0.297 வரும். இதுவே மட்டைச் சராசரி. கிரிக்கெட்டில் சராசரி என்பது ஓட்டங்களை ஆட்டமிழந்த முறைகளால் வகுப்பது. பேஸ்பாலிலோ வெற்றி பெற்ற அடிகளை முயற்சிகளால் வகுப்பது. பத்து முயற்சிகளுள் மூன்றில் வென்றவர் இவ்வாட்டத்தில் சிறந்தவராக மதிக்கப்படுவார் என்பதை மாணவர்கள் மனத்தில் கொள்க.

எஞ்சிய 111 முறைகள் எங்கே போயின? எல்லைக்குப் புறம்பாக நான்கு பந்துகள் எறியப்பட்டால், மட்டையாளர் நடந்தே முதல் தளம் சேரலாம். அவ்வாறு அவர் சேர்ந்தது 74 முறை. தாம் ஆட்டமிழந்து, தளத்தில் நிற்கும் தோழரை முன்னேற்றும் அடிக்குத் தியாக அடி என்று பெயர். அத்தகைய அடிகள் 28. பந்து உடலில் பட்டதனால் தளம் பெற்றது 9 முறை. இம்மூன்றும் சராசரியில் சேர்வதில்லை. ஆகவே சராசரியை மட்டும் நோக்குவோர், ராபின்சனின் பொறுமையையும் தன்னல மறுப்பையும் உடல் பெற்ற அடிகளையும் காணாதொழிவர்.

அவர் எடுத்த ஓட்டங்கள் 125. ஹோம் ரன்கள் 12. பந்தெறிவோர் அயர்ந்த நேரத்தில் அடுத்த தளத்திற்குப் பாய்ந்தோடிச் சேர்வதைத் தளம் திருடுதல் என்பர். அவ்வகையில் 29 தளங்களைக் கவர்ந்து, நேஷனல் லீக்கில் அவரே முதல்வரானார். அவர் தளத்தில் நின்று ஆடி அசைந்தாலே பந்தெறிவோரின் மனம் கலங்கும். அக்கலக்கத்தால் பின்வரும் மட்டையாளர் பெற்ற பயனைக் குறிக்கக் கணக்கேட்டில் இடமில்லை.

இனித் தடுப்பாட்டத்தை நோக்குவோம். அவ்வாண்டு முதல் தளத்தைக் காத்த அவர் செய்த பிழைகள் 16. இது குறைபோலத் தோன்றலாம். ஆனால் அவர் 1945இல் கான்சாஸ் சிட்டி மோனார்க்ஸ் அணியில் இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு இடையே நின்றவர். 1946இல் மான்ட்ரியால் அணியில் இரண்டாம் தளத்தைக் காத்தவர். முதல் தளம் அவருக்குப் புதிய இடம். மேலும், எட்டிப் பிடிக்க வேண்டிய பந்தைத் தவறவிட்டால் பிழை எழுதப்படும். எட்டாத பந்தை நோக்கி ஓடாதவருக்குப் பிழை இல்லை. பிழைக் கணக்கில் கணக்கெழுதுவோரின் தீர்ப்பும் கலந்துள்ளது.

அவ்வாண்டு ஏப்ரலில், பிலடெல்பியா அணியின் மேலாளர் பென் சாப்மன் முதலியோர் அவரை இனப்பெயர் சொல்லி இழித்துரைத்தனர். கொலை மிரட்டல் கடிதங்களும் வந்தன. அவற்றுக்கு நடுவே ஒருவர் 151 ஆட்டங்களில் தவறாது களம் புகுந்தார் என்றால், அப்பட்டியலில் மிகப் பெரிய எண் அந்த 151 என்றே கூறலாம். அவ்வாண்டே முதன்முதலாக ஏற்படுத்தப்பட்ட சிறந்த புதுமுக ஆட்டக்காரர் பரிசு அவருக்குக் கிடைத்தது. அவர் அணி நேஷனல் லீக்கில் முதலிடம் பெற்றது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1949இல், அவர் சராசரி 0.342 ஆக உயர்ந்தது.

கணக்கேடும் மாற்றத்திற்கு உட்பட்டதே. கறுப்பினத்தவர் தனியே ஆடிய நீக்ரோ லீக் ஆட்டங்கள் நெடுங்காலம் பெரிய சங்கக் கணக்கில் சேரவில்லை. 1920 முதல் 1948 வரை நடந்த அச்சங்கங்களுக்குப் பெரிய சங்கத் தகுதி உண்டு என 2020இல் ஏற்கப்பட்டது; 2024இல் அவற்றின் எண்களும் சேர்க்கப்பட்டன. 1972இல் மறைந்த ராபின்சனின் வாழ்நாள் அடிகள் 1,518இலிருந்து 1,567 ஆயின. கூடிய அந்த 49 அடிகள் 1945இலேயே அடிக்கப்பட்டவை. அடித்தவர் கையில் குறையில்லை. எழுதியவர் ஏட்டில்தான் குறை இருந்தது. ராபின்சனுக்காவது பின்னர் பெரிய அரங்கம் கிடைத்தது. அவருக்கு முன்னே பலர் அத்தகைய வாய்ப்பின்றியே ஆடி ஓய்ந்தனர். அவர்களுடைய ஆட்டங்களுள் பல முழுமையாகக் குறிக்கப்படவும் இல்லை. எந்தக் கணக்கைக் காணினும், இதில் எவர் பெயர் விடுபட்டது என்று கேட்கும் பழக்கத்தை இளைஞர்கள் கைக்கொள்வார்களாக.