தெளிவுக்கு உழைத்தவர்கள்

திரைப்படத்தைப் பற்றிப் பேசும்போது நாம் நடிகரைப் பேசுகிறோம், இயக்குநரைப் பேசுகிறோம், பாடலையும் இசையையும் பேசுகிறோம். திரையில் ஒரு தாயின் கண்ணோரத்தில் திரண்ட நீர்த்துளி பளிச்செனத் தெரிந்ததே, அது மங்காமல் நம்மை வந்தடையச் செய்தவர் யார் என்று நம்மில் எவரும் கேட்பதில்லை. அவ்வாறு கேட்கப்படாமலேயே வாழ்நாளைக் கழித்த தொழிலாளர் வரிசை ஒன்று தமிழகத்தில் உண்டு. அவர்களை ஒளிப்பதிவு உதவியாளர் என்றும், அவர்களுள் லென்ஸின் தெளிவைக் காக்கும் பொறுப்புடையவரை ஃபோகஸ் புல்லர் என்றும் திரையுலகம் அழைக்கிறது.

அறந்தாங்கியிலும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் இவ்வேலையை நாடிச் சென்னைக்குப் புறப்பட விரும்பும் இளைஞர் உண்டு. அவர்களுடைய பெற்றோர் பங்குக் குருக்களிடம் கேட்கும் வினா எளியது: "சாமி, இது ஒரு வேலையா? இதைக்கொண்டு பிழைக்க முடியுமா?" இவ்வினாவை ஒரு புன்னகையாலோ ஓர் எச்சரிக்கையாலோ தட்டிக்கழித்துவிடக்கூடாது. இத்தொழிலின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்து விடை காண முயல்வோம்.

அண்மையிலிருந்த படக்கூடம்

சலனப்படம் தமிழகத்தில் வேரூன்றிய கதையின் தொடக்கத்திலேயே ஒரு கிறிஸ்தவரைச் சந்திக்கிறோம். கோயம்புத்தூரில் 1883-இல் பிறந்த சாமிக்கண்ணு வின்சென்ட் திருச்சியில் இரயில்வே பணியாளராக இருந்தவர். 1905-இல் திருச்சிக்கு வந்திருந்த டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில படச்சுருள்களையும் அவர் விலைக்கு வாங்கினார். இயேசுவின் வாழ்க்கையைக் கூறும் படமும் அவற்றுள் ஒன்று. உறுதியான வேலையை உதறிவிட்டுக் கூடாரத்தோடு ஊர் ஊராகச் சென்ற அவர், 1914-இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கைக் கட்டினார்.

படம் காட்டுவதற்குக் கருவி போதும். படம் பிடிப்பதற்கோ ஆசான் வேண்டும். தென்னகத்தின் முதல் மௌனப் படமான 'கீசக வத'த்தை 1910களின் பிற்பகுதியில் உருவாக்கிய நடராஜ முதலியார், ஸ்டுவர்ட் ஸ்மித் என்னும் ஆங்கிலேய ஒளிப்பதிவாளரிடம் புனேயில் கேமராவைப் பழகிக்கொண்டு வந்தார். அருகில் நின்று, கருவியைத் தொட்டு, ஆசான் செய்வதைப் பார்த்துக் கற்பதே அன்று தொடங்கிய முறை. அம்முறை இன்றளவும் மாறவில்லை.

இக்கலை நம் வாசலருகேயே குடியிருந்த காலமும் உண்டு என்பதை இன்றைய தலைமுறை அறியாது. இரண்டாம் உலகப்போரின் விளைவாகச் சென்னையில் மின்சாரம் கிடைப்பது அரிதாயிருந்த நாளில், ஏ.வி.மெய்யப்பன் தம் ஊராகிய காரைக்குடியை அடுத்த தேவகோட்டை ரஸ்தாவில் படக்கூடம் ஒன்றை அமைத்தார். 1947-இல் வெளிவந்த 'நாம் இருவர்' அங்கே உருவாயிற்று. அறந்தாங்கியிலிருந்து கண்டனூர், புதுவயல் வழியாகக் காரைக்குடி செல்வோர்க்கு அது தொலைவே அன்று. அந்நாளில் அறந்தாங்கி தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1974-இல்தான் புதுக்கோட்டை மாவட்டம் பிறந்தது. ஆயினும் அந்த வாய்ப்பு நீடிக்கவில்லை. 1948-இல் ஏ.வி.எம். கூடம் சென்னைக் கோடம்பாக்கத்திற்குப் பெயர்ந்தது. அதன்பின் நம் பக்கத்து இளைஞனுக்குக் கேமராவின் அருகில் நிற்பதற்கே முந்நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம் தேவையாயிற்று.

மூன்று அங்குலத்தின் காவலர்

இத்தொழில் எத்தன்மையது என்பதை இனி நோக்குவோம். படச்சுருள் காலத்தில் புதிதாகச் சேரும் இளைஞன் முதலில் லென்ஸ் பெட்டிகளைச் சுமந்தான், துடைத்தான், கேமராவுக்குக் குடை பிடித்தான். அடுத்து, ஒளி புகாத கறுப்புப் பைக்குள் இரு கைகளையும் நுழைத்து, கண்ணால் காணாமல் விரலால் தடவியே படச்சுருளை மேகசினில் ஏற்றப் பழகினான். நானூறு அடிச் சுருள் நாலரை நிமிடத்துக்கும் குறைவாகவே ஓடும். ஆயிரம் அடிச் சுருள் பதினொரு நிமிடம் ஓடும். எவ்வளவு ஓடிற்று, எவ்வளவு எஞ்சியுள்ளது, எந்த எடுப்பு நன்று என்று குறித்து வைப்பதும், கிளாப் பலகை அடிப்பதும் அவன் கடமை. ஒரு சுருளில் வெளிச்சம் பட்டுவிட்டால் பலருடைய ஒரு நாள் உழைப்பு பாழாகும்.

இப்படிகளைக் கடந்தவனுக்கே ஃபோகஸ் ஒப்படைக்கப்படும். நடிகர் நிற்கும் இடத்தில் தரையில் சுண்ணக்கட்டியால் கோடிட்டு, கேமராவிலிருந்து அவர் கண் வரை அளவு நாடாவால் அளந்து, லென்ஸின் வளையத்தில் குறி வைத்துக்கொள்வான். நடிகர் நடந்தால், அல்லது கேமரா டிராலியில் நகர்ந்தால், அந்த நடைக்கு ஒத்தபடி வளையத்தைத் திருப்பிக்கொண்டே இருப்பான். 75 மில்லிமீட்டர் லென்ஸில், ஒளித்துளை 2.8 என்னும் அளவில், ஆறடித் தொலைவிலுள்ள முகத்தைப் படம்பிடித்தால் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ மூன்று அங்குலமே. கண் தெளிந்தால் காது மங்கும். நடிகர் உணர்ச்சி மிகுதியால் ஒரு சாண் முன்னே சாய்ந்துவிட்டாலும் அதை முன்னுணர்ந்து விரல் அசைய வேண்டும். அவன் செய்தது சரியா தவறா என்பது படச்சுருள் ஆய்வகத்தில் கழுவப்பட்ட பின்னரே தெரியவரும். அதுவரை அவன் தன் விரலையே நம்பியிருக்க வேண்டும்.

இங்கே ஓர் உண்மை கவனத்திற்குரியது. அவன் தவறினால் அரங்கமே அறியும். தவறாவிட்டால் எவரும் அறியார். ஆவுடையார்கோயிலின் கொடுங்கைகளில் கல்லை மரச்சட்டம் போலவும் ஆணி போலவும் இழைத்துக் காட்டிய சிற்பிகளை நினைத்துக்கொள்கிறோம். அண்ணாந்து பார்த்து வியப்போருள் அவர்களின் பெயரைத் தேடுவோர் எத்தனை பேர்?

ஞானப்பிரகாசியார் பெயர் தாங்கியவர்

இத்தொழிலின் அடிவாசலில் நுழைந்து அதன் உச்சியைத் தொட்டவர்களுள் ஏ.வின்சென்ட்டை நாம் சிறப்பாக நினைவுகூர வேண்டும். அவர் முழுப்பெயர் அலோசியஸ் வின்சென்ட். நம் மக்கள் ஞானப்பிரகாசியார் என்று வணங்கும் புனிதரின் பெயர் அது. ஒளியை ஆளவிருந்த குழந்தைக்கு அப்பெயர் அமைந்தது இனிய பொருத்தமே.

1928 ஜூன் 14 அன்று கோழிக்கோட்டில் பிறந்த அவருக்குத் தந்தையின் நிழற்படக்கூடமே முதல் பள்ளி. 1947-இல் சென்னைக்கு வந்து எஸ்.எஸ்.வாசனின் ஜெமினி ஸ்டூடியோவில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டில் வெளிவரவிருந்த 'சந்திரலேகா'வின் பரபரப்பு அங்கே நிறைந்திருந்த காலம் அது. கமால் கோஷ் போன்ற ஒளிப்பதிவாளர்கள் பணியாற்றிய அக்கூடத்தில், பத்தொன்பது வயது இளைஞருக்கு உதவியாளர் பணியே பல்கலைக்கழகமாயிற்று.

ஏழு ஆண்டுகள் கழிந்தன. 1954-இல் மலையாளத்தில் வெளிவந்த 'நீலக்குயில்' படத்தின் ஒளிப்பதிவு வின்சென்ட்டுடையது. தீண்டாமையின் கொடுமையைப் பேசிய அப்படம் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்றது. பின்னர்த் தமிழில் ஸ்ரீதரோடு இணைந்து 'கல்யாணப் பரிசு' (1959), 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962), 'காதலிக்க நேரமில்லை' (1964) ஆகியவற்றை ஒளிப்பதிவு செய்தார். 'நெஞ்சில் ஓர் ஆலயம்' ஏறத்தாழ முழுவதும் ஒரு மருத்துவமனைக்குள் நிகழ்வது. சில அறைகளும் ஒரு நடைவழியுமே களம். அந்தக் குறுகிய இடத்தில் கேமரா நோயாளியின் கட்டிலைச் சுற்றி நகரும்போதெல்லாம், லென்ஸ் வளையத்தில் ஓர் உதவியாளரின் விரல் இருந்தது என்பதை மறந்துவிடலாகாது.

1964-இல் 'பார்கவி நிலையம்' வாயிலாக இயக்குநருமானார். 1996-இல் கேரள அரசின் ஜே.சி.டேனியல் விருது அவருக்கு வழங்கப்பட்டது. மைந்தர் ஜெயானனும் அஜயனும் தந்தையின் தொழிலையே மேற்கொண்டனர். 2015 பிப்ரவரி 25 அன்று அவர் மறைந்தார். பதக்கங்களைக் காட்டிலும் அந்த முதல் ஏழு ஆண்டுகளே நம் இளைஞர்க்குப் பாடமாகத் தக்கவை.

இரு பாதைகள்

வின்சென்ட் நடந்தது குருகுலப் பாதை. கல்விக்கூடப் பாதையும் அதே காலத்தில் திறந்தது. சென்னை மத்திய பாலிடெக்னிக்கில் 1945-இல் தோன்றிய திரைத்தொழில்நுட்பப் பிரிவு, பிற்காலத்தில் தரமணியிலுள்ள எம்.ஜி.ஆர். அரசுத் திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனமாக வளர்ந்தது. 1960-இல் புனேயில் மத்திய அரசின் திரைப்படக் கல்லூரி தொடங்கியது.

மட்டக்களப்பில் 1939-இல் பிறந்து, அங்கே புனித மிக்கேல் கல்லூரியில் பயின்ற பாலு மகேந்திரா புனேயில் கற்றவர். சிறுவயதில், இலங்கையில் டேவிட் லீன் இயக்கிய 'குவாய் நதிப் பாலம்' படப்பிடிப்பைக் கண்ட நாளே தம் வாழ்வின் திசையை நிர்ணயித்தது என்று அவர் பலமுறை கூறியுள்ளார். அந்த டேவிட் லீனோ 1927-இல் இலண்டன் படக்கூடம் ஒன்றில் தேநீர் கொடுக்கும் பையனாக நுழைந்து, கிளாப் பலகை அடித்து உயர்ந்தவர். ஆக, கல்லூரிப் பாதையின் வேரிலும் ஓர் உதவியாளன் நிற்கிறான்.

பிற்காலத்திலும் இவ்வழி அடைபடவில்லை. இயக்குநர் பி.ஆர்.பந்துலுவின் மகள் பி.ஆர்.விஜயலட்சுமி, 'நெஞ்சத்தைக் கிள்ளாதே' (1980) படத்தில் ஒளிப்பதிவாளர் அசோக்குமாரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். பெண்கள் கேமராவைத் தொடாத காலம் அது. 1985-இல் 'சின்ன வீடு' படத்தின் ஒளிப்பதிவாளராக உயர்ந்தார். பத்திரிகைகளுக்கு நிழற்படம் எடுத்துவந்த கே.வி.ஆனந்த், பி.சி.ஸ்ரீராமிடம் 'தேவர் மகன்' உள்ளிட்ட படங்களில் உதவியாளராயிருந்தார். தமக்கு வந்த ஒரு மலையாளப் பட வாய்ப்பை ஸ்ரீராம் ஏற்க இயலாதபோது, தம் உதவியாளரையே பரிந்துரைத்தார். 'தேன்மாவின் கொம்பத்து' (1994) என்னும் அப்படமே ஆனந்துக்குத் தேசிய விருதைப் பெற்றுத் தந்தது. ஆசானின் ஒரு சொல் சீடனின் வாழ்வைத் திறக்கும் தொழில் இது. அச்சொல் கிட்டாதோர் நிலை என்ன என்பதையும் நாம் எண்ண வேண்டும்.

மறைந்த உழைப்பும் நேரிய கூலியும்

ஏனெனில், உயர்ந்தவர் சிலரே. வாடகைக் கேமராவோடு நிறுவனம் அனுப்பும் உதவியாளராகவே நரைத்தவர் பலர். தொடக்க ஆண்டுகளில் உணவும் பேருந்துக் கட்டணமுமே ஊதியமாக அமைவதுண்டு. படப்பிடிப்பு இல்லாத மாதங்களில் வருவாயும் இல்லை. ஆபத்தும் உண்டு. 2014-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இருப்புப்பாதைப் பாலமொன்றில் உரிய அனுமதியின்றி நடந்த படப்பிடிப்பில், 27 வயதான பெண் ஒளிப்பதிவு உதவியாளர் ஒருவர் இரயில் மோதி உயிரிழந்தார். 2020 பிப்ரவரியில் சென்னையை அடுத்த பூவிருந்தவல்லி அருகே படப்பிடிப்புத் தளத்தில் பாரந்தூக்கி சரிந்து மூவர் மாண்டனர்.

திருச்சபை திரைப்படத்தைப் பற்றி நெடுநாளாகவே பேசி வருகிறது. 1936-இல் திருத்தந்தை பதினோராம் பத்திநாதரும், 1957-இல் பன்னிரண்டாம் பத்திநாதரும் அதற்கெனச் சுற்றுமடல் வரைந்தனர். 1963 டிசம்பர் 4 அன்று வத்திக்கான் இரண்டாம் திருச்சங்கம் சமூகத் தொடர்புக் கருவிகளைப் பற்றிய ஆணை ஏட்டை வெளியிட்டது. சினிமாவின் நூற்றாண்டாகிய 1995-இல், இரண்டாம் அருள் சின்னப்பர் உலகத் தொடர்பு நாள் செய்தியைத் திரைப்படத்திற்கே உரியதாக்கினார். ஆயினும் நம் பங்குகளில் நாம் வினவுவது பெரும்பாலும் ஒன்றே: இப்படம் நல்லதா, தீயதா? அப்படத்தில் உழைத்தவருக்குக் கூலி கிடைத்ததா என்று கேட்க நாம் இன்னும் பழகவில்லை.

மறைந்து உழைப்பதன் மாண்பை நாசரேத்தூர்த் தச்சரிடம் கற்றவர் நாம். நற்செய்தி ஏடுகளில் புனித சூசையப்பர் பேசிய சொல் ஒன்றேனும் இல்லை. அவர் உழைப்பை உலகம் காணவில்லை, இறைவன் கண்டார். ஃபோகஸ் புல்லரின் பணியில் அந்த நாசரேத்தின் சாயல் இருக்கிறது. ஆனால் இந்த இறையியலைக் கூலி கொடாதவர் கையில் ஒரு சாக்காக நாம் தந்துவிடக்கூடாது. தன்னை மறைத்துக்கொள்வது ஒருவர் மனமுவந்து மேற்கொள்ளும் தவம். பிறரை மறைத்துவைப்பது அநீதி. 1891-இல் பதின்மூன்றாம் சிங்கராயர் நேரிய கூலியை வலியுறுத்தியதும், 1955-இல் மே முதல் நாள் தொழிலாளரான சூசையப்பரின் திருநாளாக நிறுவப்பட்டதும் இதனாலேயே. 'சிட்டிசன் கேன்' (1941) படத்தின் பெயர்ப்பட்டியலில் இயக்குநர் ஆர்சன் வெல்ஸ், தம் பெயர் வந்த அட்டையிலேயே ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்டின் பெயரையும் இடம்பெறச் செய்தார். டோலண்டும் பதின்ம வயதில் அலுவலக ஏவலராகச் சேர்ந்து, கேமரா உதவியாளராகி வளர்ந்தவரே. உரிய மதிப்பை உரியவருக்கு அளிப்பதும் நீதியின் ஒரு பகுதிதான்.

இன்று படச்சுருள் அருகிவிட்டது. கறுப்புப் பையும் ஆய்வகமும் பழங்கதையாகி வருகின்றன. எடுத்த காட்சியை அப்போதே திரையில் காணலாம். கம்பியில்லாக் கருவியால் தொலைவிலிருந்தே வளையத்தைத் திருப்பலாம். ஆனால் பெரிய ஒளியுணரிகளும் அகன்ற ஒளித்துளையும் தெளிவின் ஆழத்தை முன்னிலும் குறைத்துவிட்டன. நடிகர் எப்போது சாய்வார், எப்போது திரும்புவார் என்று உணரும் மனித விரலின் தேவை நீங்கவில்லை.

எனவே, பெற்றோரின் வினாவுக்கு நாம் தரக்கூடிய விடை இது. ஆம், இது வேலைதான், மதிப்புக்குரிய வேலை. ஐந்து முதல் பத்தாண்டுப் பொறுமையைக் கேட்கும் வேலை. மகனையோ மகளையோ அனுப்புமுன், யாரிடம் சேரப்போகிறார், எங்கே தங்கப்போகிறார், முதல் இரண்டாண்டுகள் எதைக்கொண்டு உண்பார் என்று கேட்டறியுங்கள். கல்லூரியில் இடம் கிடைக்குமாயின் அதை முதலில் நாடுங்கள். உதவியாளராகச் சேர்ந்தபின் தொழிற்சங்க உறுப்பினராக வற்புறுத்துங்கள். அது பேராசையன்று, பாதுகாப்பு. பங்குச் சமூகமும் அவர்களை வழிதவறியோராகக் கருதாமல், தொலைவில் உழைக்கும் தன் பிள்ளைகளாக நினைத்துத் திருப்பலியில் அவர்களுக்காக மன்றாடட்டும்.

அடுத்த முறை திரையில் ஒரு முகம் தெளிவாகத் தோன்றும்போது, அதன் பக்கத்தில் நின்ற கண்ணுக்குத் தெரியாத ஒருவரை நினைப்போம். பெயர்ப்பட்டியல் ஓடி முடியும்வரை இருக்கையிலேயே அமர்ந்திருப்போம். அதற்குச் செலவாவது இரண்டே நிமிடம்.