துலுக்க நாச்சியாரும் அழகர் திருவிழாவும்

சித்திரைப் பௌர்ணமியன்று கள்ளழகர் தங்கக் குதிரையில் அமர்ந்து வைகையில் இறங்கும் காட்சியைக் காண மதுரையில் இலட்சக்கணக்கானோர் திரள்கின்றனர். நகருக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அழகர்மலையிலிருந்து வரும் அவர், தங்கை மீனாட்சியின் திருமணம் தமக்கு முன்பே முடிந்துவிட்டதறிந்து சினந்து, ஊருக்குள் புகாமல் வண்டியூர் சென்றுவிடுகிறார் என்பது மக்கள் வழக்கு. அங்கே அவர் இரவு தங்குவது துலுக்க நாச்சியார் இல்லத்தில் என்றும் அவ்வழக்கே கூறும். தங்குமிடம் என்னவோ வீரராகவப் பெருமாள் கோயில்தான்!

கோயில் புராணம் இவ்விரண்டையும் சொல்வதில்லை. தவளையாகச் சபிக்கப்பட்ட மண்டூக முனிவருக்கு விமோசனம் அளிக்கவே அழகர் வருகிறார் என்கிறது அது. முற்காலத்தில் மீனாட்சி திருக்கல்யாணம் மாசியில் நடந்தது. அழகரோ சித்திரையில் சோழவந்தானை அடுத்த தேனூருக்குச் சென்றுவந்தார். இரு விழாக்களையும் சித்திரையில் இணைத்தவர் திருமலை நாயக்கர் (1623–1659) என்பர். வண்டியூரில் முனிவருக்கு விமோசனம் தரும் மண்டபத்திற்கு இன்றும் தேனூர் மண்டபம் என்றே பெயர்.

இனி நாச்சியாருக்கு வருவோம். 'துருக்கர்' என்னும் சொல்லே 'துலுக்கர்' எனத் திரிந்து, துருக்கியரோடு எத்தொடர்புமில்லாத நம்மவர்க்கும் பெயராயிற்று. திருவரங்கத்திலும் கர்நாடகத்து மேல்கோட்டையிலும் இக்கதை விரிவாக வழங்குகிறது: படையெடுப்பில் தில்லிக்குக் கொண்டுபோகப்பட்ட திருமேனியின்மீது சுல்தானின் மகள் காதல் கொண்டாள், அதனைப் பிரிய மனமின்றித் தென்னாடு வந்து உயிர் துறந்தாள். திருவரங்கத்தில் அவள் பெயரால் இன்றும் ரொட்டி படைக்கப்படுகிறது.

இறைவனுக்கு இணையும் துணையும் கற்பிக்காத மார்க்கத்தவராகிய நாம் இக்கதையை நம்பிக்கையாக ஏற்பதற்கில்லை. வரலாறாக ஏற்கவும் சான்றில்லை. ஆயினும் அது பிறந்த காலத்தை நோக்க வேண்டும். 1311இல் மாலிக் காபூரின் படை மதுரை வந்தது. பின்னர் எழுந்த மதுரை சுல்தானியம் 1370களில் மறைந்தது. அதன் சுல்தான்களுள் ஒருவரான கியாசுத்தீனின் கொடுமைகளை, அவருக்குச் சகலரும் அவரது விருந்தினருமாக இருந்த இப்னு பதூதாவே வெறுத்து எழுதியுள்ளார். நம் நூல்களிலேயே உள்ள இச்செய்தியை மறைப்பதால் நமக்கு யாதொரு பெருமையும் இல்லை.

அத்தகைய காலத்தைக் கண்ட மக்கள், அந்நினைவைப் பகையாகவே சுமந்திருக்கலாம். அவர்களோ படையோடு வந்த கூட்டத்திலிருந்து ஒரு பெண்ணைத் தேர்ந்து, நாச்சியார் எனப் பெயரிட்டு, தம் தெய்வத்தின் குடும்பத்தில் இடமளித்தனர். எந்தப் பண்டிதரும் இதை விதித்ததாகத் தெரியவில்லை. 2020, 2021 ஆண்டுகளில் கொரோனாவால் அழகர் ஆற்றில் இறங்கவில்லை. 2022இல் மீண்டும் இறங்கியபோது, துலுக்க நாச்சியார் கதையும் வண்டியூர்வரை கூடவே வந்தது.