நடையும் வாழ்வும்

நெடுங்காட்டில் என் இல்லத்திற்குப் பழைய மாணவர் ஒருவர் ஊன்றுகோலுடன் வந்தார். மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பின் உறை சிதையும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நோய் அவருக்கு. "ஐயா, மருத்துவர் எனக்கு 6 மதிப்பெண் இட்டிருக்கிறார்" என்று சிரித்தார்.

நம் காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நாளில், 1868இல், பாரிஸ் மருத்துவர் ஷார்கோ இந்நோயைத் தெளிவுற விளக்கினார். 1955இல் அமெரிக்கரான கர்ட்ஸ்கே இதற்கோர் அளவுகோல் வகுத்து, 1983இல் விரிவாக்கினார். 0 என்றால் குறையில்லை. 10 என்றால் மரணம். எண் ஏற ஏற இயலாமை மிகும். 6 என்பது, நூறு மீட்டர் நடக்க ஒரு கோலின் துணை வேண்டும் என்பதாகும். ஆனால் உள்ளத்தின் சோர்வையும் சுற்றத்தாரின் துணையையும் நடை சொல்லிவிடுமா?

இக்குறையை உணர்ந்தே, எந்நோயாளரிடமும் அவர் வாழ்வைப் பற்றி அவரையே கேட்டறியும் வினாக்களை 1991 முதல் உலகச் சுகாதார நிறுவனம் உருவாக்கிற்று. அப்பணியில் பங்குகொண்ட மையங்களுள் சென்னையும் ஒன்று. அதன் சுருங்கிய வடிவில் உடல், உள்ளம், உறவு, சூழல் பற்றி 26 வினாக்கள் உள்ளன. 1995இல் இந்நோயாளருக்கென்றே 54 வினாக்கள் கொண்ட பட்டியலும் வெளிவந்தது.

"நடை எப்படி என்றே எல்லாரும் கேட்கிறார்கள், ஐயா, நாள் எப்படிப் போகிறது என்று கேட்பாரில்லை" என்றார் அவர். கேட்டேன். மாலைதோறும் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குக் கற்பிக்கிறாராம். பல்லாண்டு மதிப்பெண் இட்ட நான், அந்த 6-க்குள் அதனைக் கண்டிருக்கமாட்டேன்.