தெளிவத்தை ஜோசப்பும் மலையக இலக்கிய வரலாற்றாக்கமும்

ஓர் இலக்கியத்தின் வரலாறு எழுதப்படுவதற்கு மூன்று வசதிகள் இன்றியமையாதன. படைப்புகளைப் பேணிவைக்கும் நூலகம் வேண்டும். அவற்றைத் தேடிப் பதிப்பிக்கும் நிறுவனம் வேண்டும். அவற்றை ஆராயும் கல்வி மரபு வேண்டும். ஆறுமுக நாவலர், சி. வை. தாமோதரம்பிள்ளை ஆகியோர் காலந்தொட்டு யாழ்ப்பாணத்து அறிஞருலகுக்கு இவை ஓரளவிலேனும் கிட்டிவந்தன. ஆயின், தேயிலைத் தோட்டங்களிலே தோன்றிய மலையக இலக்கியத்துக்கு இவற்றுள் ஒன்றேனும் நெடுங்காலம் வாய்க்கவில்லை. நிறுவனங்கள் செய்யவேண்டிய பணியை அங்கு தனிமனிதரே தம் தோளிற் சுமந்தனர். அவ்வாறு சுமந்தவருள் ஊவா மாகாணம் தந்த தெளிவத்தை ஜோசப் (1934–2022) குறிப்பிடத்தக்கவர். பல்கலைக்கழகப் பதவி எதனையும் வகியாத அவர், படைப்பாளியாகத் தொடங்கித் தொகுப்பாளராகவும் வரலாற்றாசிரியராகவும் வளர்ந்த முறை நோக்கத்தக்கதாகும்.

பதுளையைத் தலைநகராகக் கொண்ட ஊவா மாகாணம் 1886இல் அமைக்கப்பட்டது. கோப்பிப் பயிர் நோயினால் அழிந்தபின் தேயிலை பரவிய காலமது. பண்டாரவளை, அப்புத்தளை, பசறை, லுணுகலை, மடுல்சீமை எனப் பரந்துகிடந்த மலைச்சரிவுகள் தோட்டங்களாயின. தமிழகத்திலிருந்து கங்காணிமாரால் அழைத்துவரப்பட்ட மக்கள் லயங்களிலே குடியமர்த்தப்பட்டனர். 1924இல் புகைவண்டிப் பாதை பதுளையை எட்டியபோது ஊவாவின் தேயிலை கொழும்புக்குச் செல்லும் வழி எளிதாயிற்று. ஆயின் அத்தேயிலையைப் பறித்தோரின் பிள்ளைகளுக்குக் கல்விக்கான வழி எளிதாகவில்லை. தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் ஓராசிரியர் பாடசாலைகளாகவே இருந்தன. 1945இல் இலவசக் கல்வி நாட்டிலே நடைமுறைக்கு வந்தபின்னரும், 1970களில் அரசு பொறுப்பேற்கும் வரை, இப்பாடசாலைகள் ஒதுக்கப்பட்டே கிடந்தன.

இத்தகைய சூழலிலே, ஹாலி-எலையை அடுத்த ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் ஜோசப் பிறந்தார். தந்தையார் தோட்டப் பாடசாலை ஆசிரியர். இளமையிற் சில ஆண்டுகள் கும்பகோணத்திலும், பின்னர் பதுளை புனித பீட்ஸ் கல்லூரியிலும் அவர் கற்றார். தெளிவத்தைத் தோட்டத்திற் பணியாற்றிய காலத்தில் அத்தோட்டத்தின் பெயரையே தம் பெயரின் முன் இணைத்துக்கொண்டார். தோட்டம் என்பது துரைமாரின் உடைமையாகவும் தொழிலாளரின் தற்காலிக இருப்பிடமாகவும் மட்டுமே கருதப்பட்ட நாளிலே, அதனைத் தம் ஊராக அறிவித்த செயலாக இதனைக் கொள்ளலாம். பிற்காலத்திற் கொழும்பிலே கணக்குத்துறையிற் பணிபுரிந்தபோதும் அப்பெயர் நிலைத்தது.

ஊர் என்று உரிமை பாராட்டுவது அக்காலத்திற் சாதாரண விடயமன்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பான்மையினரை நாடற்றவராக்கிற்று. அடுத்த ஆண்டிலே வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்படவும், 3,00,000 பேர் இலங்கைக் குடியுரிமை பெறவும் தீர்மானிக்கப்பட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974ஆம் ஆண்டு ஒப்பந்தத்தினாற் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். ஒரே லயத்திலே வாழ்ந்த உறவினர் இரு நாடுகளுக்கெனப் பிரிக்கப்பட்ட அவலம் இதனால் விளைந்தது. மக்கள் கலைந்து போகும்போது அவர்தம் நினைவுகளும் கலைந்துபோகும். மலையக எழுத்துக்கு வரலாற்றுப் பதிவு என்னும் பொறுப்பும் வந்துசேர்ந்தமைக்கு இதுவே காரணம் எனலாம்.

மலையகச் சிறுகதை ஓர் இயக்கமாக எழுச்சிபெற்றதும் 1960களிலேதான். வீரகேசரியிற் பணியாற்றிய எஸ். எம். கார்மேகத்தின் ஊக்கமும், மலைநாட்டு எழுத்தாளர் மன்றம் நடத்திய சிறுகதைப் போட்டிகளும் தோட்டப்புறத்து இளைஞர் பலரை எழுதத் தூண்டின. பரிசுக் கதைகள் 1971இல் ‘கதைக்கனிகள்’ எனத் தொகுக்கப்பட்டன. அப்போட்டிகளின் வாயிலாக அறிமுகமானவருள் ஜோசப்பும் ஒருவர். தொழிலாளரின் துயரை மட்டுமன்றித் தோட்டத்து உத்தியோகத்தர், கணக்கப்பிள்ளை, கங்காணி ஆகியோரின் மனப்போக்குகளையும் உள்ளிருந்து கண்டு எழுதியமை அவருடைய தனித்தன்மையாகும். ‘மீன்கள்’ என்ற கதை, ஒற்றை லயக்காம்பராவினுள் ஒரு குடும்பம் முழுவதும் அடைந்து வாழ நேர்வதால் மானமே குலையும் நிலையைக் காட்டுவது. அங்கே குற்றவாளி தனிமனிதனல்லன், அக்காம்பராவைக் கட்டிவைத்த அமைப்பே என்பது வாசகருக்குத் தானாகவே புலப்படுகின்றது. 1974இல் ‘காலங்கள் சாவதில்லை’ என்ற நாவல் வீரகேசரி வெளியீடாக வந்தது. 1979இல் வெளியான ‘நாமிருக்கும் நாடே’ சிறுகதைத் தொகுதி சாகித்திய விருதைப் பெற்றது. விடுதலைப் பெருமிதத்தோடு பாரதி பாடிய அடியை நினைவூட்டும் அத்தலைப்பு, குடியுரிமை இழந்த மக்களிடையே ஒலிக்கும்போது வினாவாக மாறிவிடுகின்றது.

எனினும் அவருடைய பணி படைப்போடு நின்றுவிடவில்லை. மலையகக் கதைகள் நாளிதழ்களின் வாரப் பதிப்புகளிலும், மலைமுரசு போன்ற சிற்றேடுகளிலும் சிதறிக்கிடந்தன. லயக்காம்பராவிலே இதழ்களைச் சேர்த்துவைக்க இடமில்லை. ஒப்பந்தத்தின்கீழ்க் கப்பலேறியவர் புத்தகப் பொதிகளைச் சுமந்து சென்றிருப்பர் என எதிர்பார்ப்பதற்கும் இல்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரியூட்டப்பட்டது. அவ்வாண்டிலேயே மலையகத் தோட்டங்களிலும் வன்செயல் பரவிற்று. 1983 ஜூலையிற் பதுளை நகரமும் தீக்கிரையானது. எழுதப்பட்டவை எழுதப்பட்டனவாகவே அழிந்துபோகும் ஆபத்து இவ்வாறு கண்முன் நின்றது.

இப்பின்னணியிலேயே அவருடைய தொகுப்புப் பணி முக்கியத்துவம் பெறுகின்றது. வர்த்தகரான துரை விஸ்வநாதன் நிறுவிய துரைவி பதிப்பகம் 1997இல் இரு பெருந் தொகுதிகளை வெளியிட்டது. 33 கதைகள் கொண்ட ‘மலையகச் சிறுகதைகள்’, 55 கதைகள் கொண்ட ‘உழைக்கப் பிறந்தவர்கள்’ ஆகிய இவற்றைத் தேடித் தொகுத்தவர் ஜோசப். எண்பத்தெட்டுக் கதைகள் ஒருங்கே கிடைத்தபோது, அதுவரை தனித்தனிப் படைப்புகளாகத் தோன்றியவை ஒரு மரபாகத் தோன்றலாயின. இத்தேடலின் பயனாக 2000இல் ‘மலையகச் சிறுகதை வரலாறு’ வெளிவந்தது. 1960களின் எழுச்சியையே தொடக்கமாகக் கருதும் போக்கினை அந்நூல் மாற்றிற்று, கோ. நடேசய்யரின் எழுத்து வரை மரபின் வேர்கள் பின்னோக்கித் தேடப்பட்டன. நடேசய்யர் பற்றி 1988இல் நூலெழுதிய சாரல்நாடனின் முயற்சிகளும், நாட்டார் பாடல்களைத் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளையின் முயற்சிகளும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கன.

தாம் பங்குகொண்ட இயக்கத்தின் வரலாற்றைத் தாமே எழுதுபவருக்கு நன்மையும் உண்டு; இடரும் உண்டு. ஆவணம் இல்லாத இடத்தை நினைவு நிரப்புவது நன்மை. நட்பும் நேரடி உறவும் மதிப்பீட்டிலே குறுக்கிடக்கூடும் என்பது இடர். ஆயினும் மூலங்களே மறைந்துகொண்டிருந்த வேளையில் முதலில் வேண்டப்பட்டது தீர்ப்பன்று, சேகரிப்பே. கதைகள் கையிலிருந்தாலன்றோ அவற்றின் தரத்தைப் பின்வருவோர் விவாதிக்கவியலும்?

முதுமையிலும் அவர் படைப்பை விடவில்லை. கொழும்பிலே தமிழராய் வாழ்தலின் அச்சத்தைக் கூறும் ‘குடை நிழல்’ நாவல் 2010இல் வெளிவந்தது. 2013ஆம் ஆண்டுக்கான விஷ்ணுபுரம் விருது அவருக்கு வழங்கப்பட்டதன் மூலம், தமிழக வாசகர் பலர் மலையக இலக்கியத்தை முதன்முறையாக அறிந்துகொண்டனர். 2022 ஒக்டோபர் 21ஆந் திகதி அவர் காலமானார்.

நாடற்றோர் என்ற நிலைமை சட்டத்தளவில் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பெரும்பாலும் முடிவுக்கு வந்தது. ஆயின் குடியுரிமைச் சான்றிதழ் ஒரு மக்களுக்கு வரலாற்றைத் தந்துவிடாது. தாம் இம்மண்ணில் வாழ்ந்தோம், சிந்தித்தோம், எழுதினோம் என்பதற்கான சான்றுகளை அம்மக்களே தேடிவைக்க வேண்டியிருந்தது. அச்சான்றுகளுட் கணிசமான ஒரு பகுதியை ஜோசப் தேடித் தந்துள்ளார். சிற்றேடுகளையும் செய்தித்தாட்பகுதிகளையும் முறையாகத் திரட்டி, அவர் தொட்டுச் சென்ற இடங்களை ஆழமாக ஆராய்வது இனிப் பல்கலைக்கழகங்களின் கடனாகும். தனியொருவர் ஆற்றிய பணியை நிறுவனங்கள் பொறுப்பேற்கும்போதே அவருக்குரிய நன்றிக்கடன் தீர்ந்ததாகும்.