ஒருவர்க்கு இரு பெயர்

ஆங்கிலத்தில் எமிகிரண்ட், இமிகிரண்ட் என இரு சொற்கள் உள. ஓசையால் நெருங்கிய இவற்றை மாணவர் ஒன்றென மயங்குதல் இயல்பு. முன்னது ஒரு நாட்டை விட்டு நீங்குவோரைக் குறிக்கும்; பின்னது ஒரு நாட்டினுள் வந்து குடியேறுவோரைக் குறிக்கும். ஆள் ஒருவரே, பார்ப்பவர் நிற்கும் கரைதான் வேறு.

இவ்வேறுபாடு இலக்கணத்தோடு நின்றுவிடவில்லை; நம்மவர் வரலாற்றிலும் புகுந்தது. ஜொகூரின் ஊடே செல்லும் புகைவண்டிப் பாதை 1909-இல் நிறைவெய்தியது. அப்பாதையில் சிகாமட்டுக்கும் குளுவாங்குக்கும் இடையே உள்ளது லாபிஸ். இத்தகைய ஊர்களைச் சூழ்ந்த ரப்பர்த் தோட்டங்களுக்குத் தமிழகத் தொழிலாளர் வந்து சேர்ந்தனர்.

நாகப்பட்டினத்தில் கப்பலேறிய தொழிலாளியை இந்தியா முதற்சொல்லால் அழைத்தது. 1922-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரே இந்திய எமிகிரேஷன் சட்டம். பினாங்கில் இறங்கியதும் அவரே இரண்டாம் சொல்லுக்கு உரியவரானார். தோட்ட முதலாளிகளிடம் தொகை பெற்று மலாயாவில் 1907-இல் ஏற்படுத்திய நிதிக்குத் தமிழர் இமிகிரேஷன் நிதி என்று பெயர். தொழிலாளரின் பயணச் செலவை அந்நிதி ஏற்றது.

பெயருக்கேற்பவே இரு கரைகளின் நோக்கும் அமைந்தது. மலாயாவுக்கு வேண்டியது ஆள்வரவு. இந்தியாவுக்கோ, சென்றவர் நலம் காக்கும் கடமை இருந்தது; அதற்கெனக் கோலாலம்பூரில் ஏஜண்டு ஒருவரை அமர்த்தியது. தோட்டங்களில் கூலி குறைக்கப்பட்டதை ஒட்டி, 1938-இல் நிதியுதவி பெற்று வரும் தொழிலாளர் பயணத்தை இந்திய அரசு நிறுத்தியது. ஒரு கரையில் கதவை அடைக்க, மறு கரைக்கு ஆள்வரவு நின்றது.

முதற்சொல் கப்பலோடு மறைந்தது. இரண்டாம் சொல்லோ ஒட்டிக்கொண்டது. தோட்டத்து லயத்தில் பிறந்த பிள்ளையையும், அப்பிள்ளை பெற்ற பிள்ளையையுங்கூடக் குடியேறியவர் என்று சுட்டும் வழக்கு எழுந்தது. இதனை இலக்கணம் கொண்டே மறுக்கலாம். குடியேறியவர் என்பது வினையாலணையும் பெயர். அது வினை செய்தவருக்கே உரியது. கடல் கடந்தவர் பாட்டனார். பெயரனோ எங்கிருந்தும் வந்தானல்லன், இம்மண்ணிலேயே பிறந்தான். செய்யாத வினைக்குப் பெயர் சூட்டுதல் வழுவன்றோ?

ஆசிரியப் பெருமக்கள் இவ்விரு சொற்களையும் கற்பிக்கும்போது, பொருளோடு இதனையும் உணர்த்துதல் நன்று. பாட்டனார் குடியேறினார் என்பது வரலாறு; அதனை மறைக்க வேண்டுவதில்லை. நான் இந்நாட்டில் பிறந்தவன் என்பதும் வரலாறே. இவ்விரு வாக்கியங்களையும் பிழையின்றி எழுதத் தெரிந்த மாணவனுக்குத் தன் இடம் யாதென்று பிறர் சொல்ல வேண்டுவதில்லை.