இடியாய் வந்தவர் பரீட்சைச் சாமியான கதை

ஜப்பானின் கியோட்டோ நகரிலுள்ள கிடானோ தென்மாங்கூ கோயிலில் கல்லிலும் வெண்கலத்திலும் எருதுகள் படுத்திருக்கின்றன. பரீட்சைக்கு முன் மாணவர்கள் வந்து அவற்றின் தலையைத் தடவிவிட்டுப் போகிறார்கள். அங்கே அவர்கள் கும்பிடும் தெய்வம் ஒரு காலத்தில் அரசவையையே நடுங்க வைத்த ஆவி.

சுகவாரா நோ மிச்சிசானே 845-இல் அறிஞர் குடும்பத்தில் பிறந்தவர். கவிஞர். படிப்பாலேயே பெரிய அமைச்சர் பதவிவரை ஏறினார். ஃபுஜிவாரா குலத்துக்கு அது பொறுக்கவில்லை. 901-இல் சதிப் பழி சுமத்தி, கியூஷு தீவின் தசாய்ஃபுவுக்குத் துரத்தினார்கள். 903-இல் அங்கேயே இறந்தார். சவ வண்டியை இழுத்த எருது வழியில் படுத்துக்கொண்டு நகர மறுத்ததாம், படுத்த இடத்திலேயே அவரைப் புதைத்தார்களாம். எருதுச் சிலைகள் அந்தக் கதையின் மிச்சம்.

பிறகு தலைநகரான கியோட்டோவில் சாவுகள் தொடர்ந்தன. எதிரி ஃபுஜிவாரா தொக்கிஹிரா 909-இல், நாற்பதைத் தொடும் முன்பே போனார். 930-இல் அரண்மனை மீதே இடி விழுந்து அவையோர் சிலர் மாண்டனர். சில மாதங்களில் பேரரசர் தைகோவும் இறந்தார். எல்லாம் மிச்சிசானேயின் சினம் என்று ஊரே நம்பியது. 947-இல் கிடானோவில் அவருக்குக் கோயில் எழுந்தது. பெயர் தென்ஜின், வானத்துத் தெய்வம். காலம் போகப் போக இடியை மறந்த மக்கள் படிப்பை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டார்கள்.

ஜப்பானின் பாரம்பரிய மதமான ஷிண்டோவின் கோயிலை இன்ன வகை என்று சொல்வது பெரும்பாலும் உள்ளே உறையும் காமியை, அதாவது தெய்வத்தை, வைத்துத்தான். மூலக் கோயிலின் காமியைப் பிரித்து வேறூரில் எழுந்தருளச் செய்யலாம். விளக்கிலிருந்து விளக்கேற்றுவது போல, முதலாவது மங்குவதில்லை. தென்ஜின் கோயில்கள் ஆயிரக்கணக்கில் பெருகியது இப்படித்தான். சிவப்பு வாயிலும் நரிச் சிலையும் கண்ணில் பட்டால் அது நெல்லுக்கும் வியாபாரத்துக்கும் உரிய இனாரி. போர்வீரர்களின் ஹச்சிமானை மினமோட்டோ குலம் காமகுராவுக்கே கொண்டுபோய் வைத்துக்கொண்டது.

சூரிய தேவி அமாதெராசுவின் இசே கோயில் தனி ரகம். 20 ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் அச்சு அசலாகப் புதிதாய்க் கட்டித் தெய்வத்தைக் குடியேற்றுகிறார்கள். 2013-இல் நடந்தது 62-ஆவது முறை.

எந்தக் காமியானாலும் கும்பிடும் முறை ஏறக்குறைய ஒன்றே. தோரீ வாயிலில் தலை வணங்கி, பாதையின் ஓரமாக நடக்க வேண்டும், நடுப்பாதை தெய்வத்துக்கு. தொட்டியில் அகப்பையால் நீர் மொண்டு இடக்கை, வலக்கை, வாய் என்று கழுவி, காசு போட்டு, இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, மறுபடி ஒரு முறை குனிவார்கள். பழங்காலத்து வழக்கம் போலத்தான் தெரியும். ஆனால் இந்தக் கணக்கு ஒரே சீரானது நவீன ஜப்பான் உருவான மெய்ஜி காலத்துக்குப் பிறகே. இசுமோ, உசா கோயில்களில் இன்றைக்கும் நான்கு தட்டு.

மிச்சிசானே பிறந்ததும் இறந்ததும் 25-ஆம் நாளில் என்பதால் கிடானோவில் மாதந்தோறும் அந்தத் தேதியில் சந்தை கூடுகிறது. பிப்ரவரி 25-இல் பிளம் மரங்கள் பூத்திருக்க, கெய்ஷாக்கள் தேநீர் பரிமாறுகிறார்கள். 1587-இல் அன்றைய ஆட்சியாளர் ஹிதேயோஷி இதே கிடானோவில் நடத்திய மாபெரும் தேநீர் விருந்தின் நினைவு அது.